மொட்டை மாடியில் பன்னிரண்டு டேங்க்

— அதத் தொடாதீக! இன்னும் காயல. விரல்ல பட்டா அரிக்கும்.

— மன்னிச்சுக்கங்க. கீழ சிக்னல் கிடைக்கலன்னு மாடிக்கு வந்தேன். வந்து பார்த்தா, வத்தல் காயப்போட்ட மாதிரி பட்டாள டேங்கு வரிசையா காயுது. பன்னெண்டு! உள்ளங்கைக்குள்ள அடங்குற சைசு. ஏங்க, இது ரெசின்தேன?

— ரெசின்னு எப்பிடிக் கண்டுபிடிச்சீக?

— பிளாஸ்டிக்னா ஒட்டுன கோடு தெரியும்ல. நானும் ஆடுறவன்தாங்க. கம்பத்துல ஒரு மருந்துக்கடை மாடில மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஆறு பேர் கூடுவோம். மேசை மேல மணலக் கொட்டி, மேடு பள்ளம் வச்சு, டேப்பால அளந்து அளந்து டேங்க நகத்தி, பகடை உருட்டிச் சுடுறது. நெசமாத்தேன்.

— ஆறு பேரா! கேட்டுக்கங்க, நான் இந்த வடுகபட்டில ரெண்டு வருசமா ஒத்தையா ஆடிக்கிட்டிருக்கேன். இந்தப் பக்கம் உக்காந்து சுட்டுட்டு, எந்திரிச்சுப் போய் அந்தப் பக்கம் உக்காந்து திருப்பிச் சுடணும்.

— அப்ப எப்பவும் நீங்கதேன் ஜெயிக்கிறது.

— எப்பவும் நான்தான் தோக்குறது. அதச் சொல்லுங்க.

— இதெல்லாம் எங்கன வாங்குனீக?

— வாங்கல, அச்சடிச்சேன். அல்லிநகரத்துல பல்லு செய்யிற லேப்ல வேலை பாக்குறேன். பல்லு அச்சடிக்கிற ரெசின் த்ரீ-டி பிரிண்டர் பழசாகிருச்சுன்னு ஓனர் எனக்கே குடுத்துட்டாக. அந்தா, அந்த ரூம்புல இருக்கு. அச்சாகி வந்தத ஸ்பிரிட்டுல கழுவி நம்ம ஊரு வெயில்ல வச்சா, கல்லு மாதிரி இறுகிரும்.

— அதான பார்த்தேன்! பட்டன அமுக்குனா வந்துரும். அதுல என்னங்க பெருமை? இந்தா பாருங்க, பையிலயே ஒண்ணு வச்சிருக்கேன். பிளாஸ்டிக். அறுபத்திரெண்டு துண்டு. ஒவ்வொண்ணா நறுக்கி எடுத்து, பசையத் தொட்டு வச்சா, ரெண்டும் உருகி ஒண்ணுக்குள்ள ஒண்ணாயிரும்.

— பட்டனா? உப்புத்தாள் போட்டுத் தேய்க்கயில மாஸ்க் மாட்டணும், கையுறை மாட்டணும். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போச்சுன்னா வம்பு. நேத்து அஞ்சு டேங்குக்குப் பீரங்கிக் குழல் வாழைக்காய் மாதிரி வளைஞ்சிருச்சு. சுடுதண்ணில முக்கி, நிமித்தி, பச்சத்தண்ணில போட்டு எடுத்தேன். இந்த ஆணித்தலையப் பாருங்க, தனித்தனியா எண்ணலாம். உங்க பிளாஸ்டிக்ல மொழுக்குன்னு இருக்கு.

— அழகுல உங்கதுதேன், ஒத்துக்கிடுறேன். ஆனா ஆடுறதுக்குத் தாங்கணும்ல? போன மாசம் குமுளிக்கு ஆடப் போகயில, மலை ரோட்டுல பைக்கோட சறுக்கிட்டேன். எனக்கு முட்டி பேந்துருச்சு. டப்பால இருந்த டேங்குக்கு ஒரு கீறல் இல்ல.

— அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு கேக்குறேன், மழுப்பாமச் சொல்லணும். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மிஷின உங்க வீட்ல ஒரு மூலைல வைக்க விடுவீகளா? வாடை வரும். கதவச் சாத்திக்கிருவேன்.

— எங்க வீட்லயா? ஐயோ, இத நீங்க கார்த்திக்ராஜ்கிட்டல்ல கேக்கணும்!

— நீங்க கார்த்திக்ராஜ் இல்லையா?

— நான் அருண்பாண்டிங்க. அவன் சிநேகிதன். பொண்ணு பாக்கப் போகணும், உன் காரை எடுன்னான், எடுத்துட்டு வந்தேன். மாப்பிள்ளை கீழ கூடத்துல உக்காந்திருக்கான்.

— கடவுளே! குனிஞ்ச தலை நிமிராம காபி குடுடின்னு அம்மா சொன்னாக, நானும் அப்பிடியே குடுத்தேன். மூஞ்சிய எங்கிட்டுப் பார்த்தேன்? மாடிக்குப் போய் ரெண்டு பேரும் பேசுங்கன்னாக. வந்து பார்த்தா நீங்க நிக்கிறீக.

— அவன மேல வரச் சொல்லட்டா?

— அவரு ஆடுவாரா?

— கார்த்தியா? சொப்புச்சாமான்னு சொல்லிச் சிரிப்பான். மத்தபடி குத்தம் சொல்ல முடியாதுங்க. நல்ல பய, நெசமாத்தேன்.

— ம்... வரச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தீர்ப்பு வேணும். உங்க டேங்க இந்தக் கைப்பிடிச் சுவர் மேல வைங்க. பக்கத்துல காஞ்சது ஒண்ணு நான் வைக்கிறேன். ரெண்டையும் கீழ தள்ளுவோம்.

— அறுபத்திரெண்டு துண்டுங்க!

— பயமா?

— பயம்தேன். சரி, ஆனது ஆகட்டும். ஒண்ணு... ரெண்டு...

— மூணு!

— அடடா, உங்கது சிதறிருச்சே.

— குழலும் போச்சு, ஒரு பக்கத்துச் சக்கரமும் போச்சு. உங்கது?

— மேல்மூடி மட்டும் கழண்டு தனியாக் கெடக்கு. பசை வச்சா அஞ்சு நிமிசம். என்னங்க, உடைஞ்சது உங்கது, சிரிக்கிறது நீங்களா?

— கேட்டுக்கங்க, ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் வேற ஒருத்தர்கிட்டத் தோத்திருக்கேன்.

— ஏடி ஹேமாவதி! மேல என்னடி பண்ற? மாப்பிள்ளையோட மாமா தலைல விழ வேண்டிய துண்டு, தப்பிச்சுச் செம்பருத்திச் செடி மேல விழுந்திருக்கு!

— கை தவறிருச்சும்மா. எதுக்கு மூச்சு வாங்கப் படியேறி வர்ற?

— வராம என்ன செய்ய? எல்லாம் முடிஞ்சு போச்சு ஆத்தா. மாடிக்கு வர எந்திரிச்ச அந்தப் பையன், கூடத்து அலமாரில நீ அடுக்கி வச்சிருக்க டேங்கப் பூராம் பார்த்துட்டான். எல்லாம் உங்க பொண்ணு ஆடுறதான்னு கேட்டான். ஆமான்னேன். நமக்கு ஒத்து வராதுன்னு மொகத்துக்கு நேராச் சொல்லிட்டான். அவுகளும் எந்திரிச்சுட்டாக. உங்க அப்பா தலைல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக, நீ இங்கன பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற. இந்தத் தம்பி யாரு?

— கார் ஓட்டிட்டு வந்தவன்மா. இந்தா, கெளம்பிட்டேன். வர்றேங்க ஹேமாவதி. கம்பத்துக்கு...

— அருண்பாண்டி, நில்லுங்க. அம்மா, கீழ இருக்கவுகளுக்கு ஒரு ஆட்டோவப் பிடிச்சு பஸ் ஸ்டாண்டுல விடச் சொல்லு. இவரு இருந்து ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் போவாரு.