காணாமற்போனவர்களை வளர்த்த கைகளுக்கு

"தலையச் சின்னதாக்கிட்டீங்க. என் பொண்ணுக்கு இவ்ளோ சின்னத் தலை கிடையாது."

"தலை சின்னதாகலம்மா, கால் வளர்ந்திருக்கு, அதனாலதான் அப்படித் தெரி..."

"பெத்தவ நானா நீங்களா? நான் தையக்காரி. டேப்பு வச்சே காட்டுவேன்."

"வைங்க. நாலு வயசுல உடம்பு அஞ்சு தலை உசரம். இப்ப ஏழு வயசு, ஆறு தலை வேணும். அஞ்சோட நிறுத்தினா அது உங்க பொண்ணு இல்ல, பொம்மை."

காணாமற்போன குழந்தைகளைத் தேடும் இவ்வலுவலகத்தின் கண்ணும் கையுமாய் விளங்கிய கலைச்செல்வியே, அளவில் பிசகாத, அன்பில் அளவறியாத எங்கள் அன்புக்குரிய அக்காவே, வணக்கம்.

பணி ஓய்வுக்கு விடைகொடுக்கும் மடலைச் சண்டையில் தொடங்குவதா என்று தாங்கள் கடிந்துகொள்ளக்கூடும். என்ன செய்வோம்? முன்னறையில் இருந்த எங்களுக்குத் தங்கள் பெருமை முதலில் புரிந்தது கதவிடுக்கு வழியே வந்த இந்தச் சத்தத்தில்தான். சந்தையில் கைநழுவிப் போன நாலு வயது மகளின் ஒரே புகைப்படத்தோடு வந்தவர் அந்தத் தாய். அந்தப் படத்திலிருந்து அவளை ஆண்டுதோறும் காகிதத்தில் வளர்த்தெடுத்தவர் தாங்கள். கண்களுக்குக் கீழே முகம் நீளும், கழுத்து மெலியும், கால்கள் ஓடிப்போய் உயரம் சேர்க்கும் என்று கணித்து, காணாத பிள்ளையைக் கண்ணுக்கு முன் நிறுத்தினீர்கள்.

பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, மதிய உணவு வேளையிலும் எங்களை அளந்தீர்கள். "டிரைவர் தம்பி, உனக்கு மொத்தமே ஆறரை தலைதான். போகட்டும், இருக்கிற தலையாவது பெரிசா இருக்கு" என்றீர்கள். ஒரு வாரம் அவர் கண்ணாடியின் முன் நின்றதை நாங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஓராண்டு வந்தபோது அந்தத் தாய் சண்டை போடவில்லை, அழுதார். "இந்தத் தடவையாவது எனக்குத் தெரிஞ்ச முகமாப் போடுங்களேன்." மனம் இளகிய தாங்கள், பத்து வயதுப் பெண்ணுக்குப் பழைய பெரிய நெற்றியையும், குண்டுக் கன்னத்தையும், குட்டைக் கால்களையும் வைத்து வரைந்தீர்கள். படம் ரயில் நிலையச் சுவரேறியது. அங்கே நின்று, பள்ளிவிட்டுப் போகும் பத்து வயதுப் பெண்களையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்த தாங்கள், கையோடு அதைக் கிழித்துவந்து, மறுநாளே புதிதாக வரைந்தீர்கள்.

"உங்களுக்குத் தெரியற மாதிரி வரைஞ்சா, தெருவுல அவளப் பாக்கறவங்களுக்குத் தெரியாதும்மா."

அந்தத் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

தங்கள் கோடுகளால் வீடு திரும்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒருவன் மீசையோடு வந்து தங்கள் காலில் விழுந்தபோது, "எந்திரிப்பா, தாடைய மட்டும் கொஞ்சம் தப்பாப் போட்டிருக்கேன்" என்று அவன் முகத்தையே திருத்தப் பார்த்தீர்கள். திரும்பாதவர்களின் படங்களோ தங்கள் அறைச் சுவரில் ஆண்டுக்கொரு வயது ஏறி நிற்கின்றன. அவற்றைத் துணியால் துடைக்கும்போது தாங்கள் வாய்க்குள் பேசுவதை நாங்கள் கேட்காததுபோல் இருந்திருக்கிறோம்.

நோயணுகா உடலும், நடுங்காத கையும், நல்லுறக்கமும் பெற்று, தாங்கள் நெடுநாள் வாழ வேண்டுமென்று தட்டச்சர், காவலர், கோப்பறைக்காரர், ஆறரைத் தலை ஓட்டுநர் ஆகிய நாங்கள் அனைவரும் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம்.

கையொப்பமிட்ட பிறகும் ஒன்றைச் சேர்க்காமல் மனம் ஆறவில்லை. சென்ற வாரம் அந்தத் தாய் வந்தார். வழக்கமான சண்டைக்காக நாங்கள் கைவேலையை நிறுத்திக் காத்திருந்தோம். சத்தமே இல்லை. படத்தில் ஏழரைத் தலை உயரத்தில் நின்ற இளம்பெண்ணை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"சரியா இருக்காம்மா?"

"இருக்கு. என்னவிட உசரம்."

"பதினெட்டு முடிஞ்சுபோச்சும்மா. இனிமே எலும்பு வளராது. உடம்போட அளவு இதோட நின்னுடும். எனக்கும் அடுத்த வாரத்தோட வேலை முடியுது. இந்தப் படமே இனிப் போதும்."

அவர் படத்தைச் சுருட்டவில்லை, எழுந்துகொள்ளவும் இல்லை.

"அப்ப அடுத்த வருஷம் நான் எங்க போயி அவளப் பாக்கறது?"