கறுப்பு உருண்டை போட்ட கை

தலைமை ஏற்றிருக்கும் கண்ணாயிரம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சபாபதியின் துணைவியார் லோகநாயகி அம்மையார் அவர்களே, வெள்ளாற்றுச் சகோதர சபையின் உறுப்பினர்களே, மஞ்சக்குப்பத்துப் பொதுமக்களே, சிதம்பரத்திலிருந்து வந்து, இத்தனை நாற்காலி காலியாக இருந்தும் கடைசியில் சுவரோரமாக நிற்கும் நண்பர் ராபர்ட் அவர்களே! எல்லோருக்கும் செந்தமிழ்ச்செல்வனின் வணக்கம்.

பொறியாளர் சபாபதிக்கு இன்னும் காரியம்கூட முடியவில்லை. அதற்குள் எத்தனை புகழ்ச்சி! எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "சாதி மதம் பார்க்காத மாமனிதர்." உண்மைதான், அவர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யார் என்று ஒருவராவது சொன்னீர்களா? நான் வக்கீல். தினமும் பொய் கேட்பது என் பிழைப்பு. ஆனால் கோர்ட்டில் பொய் சொல்கிறவர் கூண்டில் நின்று சொல்வார். இங்கே மாலை மரியாதையோடு மேடையில் நின்று சொல்கிறார்கள்.

தானதருமத்துக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கூடுகிற எங்கள் சபையைப் பற்றி வெளியே பல கதைகள் உண்டு. மண்டை ஓட்டை வைத்துப் பூசை செய்கிறார்கள், ஆடு வெட்டுகிறார்கள் என்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. சேர வருபவரின் கண்ணைக் கட்டுவோம். பர்ஸ், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வோம். பிறகு ஒருவர் அவர் முன்னால் போய், "ஏழைக்கு ஏதாவது கொடு" என்று கை நீட்டுவார். கொடுக்க ஒன்றும் இருக்காது. "இப்படி வெறுங்கையோடு ஒருவன் உன் முன்னால் நிற்கும்போது இந்த நேரத்தை நினைத்துக்கொள்" என்போம். அவ்வளவுதான்.

சபாபதி சேர்ந்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். கை நீட்டியதும் அவர் சட்டைப் பையைத் தடவினார், பேண்ட் பையைத் தடவினார், கடைசியில் கண்கட்டு நனைந்துவிட்டது. நம்மில் எல்லோருக்கும் அது ஒரு சடங்கு. அவர் ஒருவருக்குத்தான் அது உறைத்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் வீட்டில் இருந்ததில்லை. அம்மையாரைக் கேளுங்கள்! பக்கவாதத்தில் விழுந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள் வீடுகளுக்குக் கட்டில், வாட்டர் பெட், வாக்கர் கொண்டுபோய்ப் போடுவார். கூடவே பிசியோதெரபிஸ்ட் ராபர்ட். புவனகிரி, சேத்தியாத்தோப்பு என்று ஊர் ஊராகப் போவார்கள். கட்டிலில் சபையின் பெயரை யாரோ பெயிண்டில் எழுதியிருந்தார்கள். சபாபதி உட்கார்ந்து சுரண்டி எடுத்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் தைலம்மாள் என்ற அம்மாவுக்குக் கட்டில் போட்டபோது, "யாரு குடுத்தாங்கன்னு சொல்றதுங்க?" என்று மகன் கேட்டான். "ஆஸ்பத்திரில சும்மா கெடந்த கட்டில்னு சொல்லுப்பா" என்றார் இவர். அந்த அம்மாவோ ராபர்ட்டின் கன்னத்தை வழித்து, "யாரு பெத்த புள்ளயோ, நல்லாருடா" என்றார். யார் பெற்ற பிள்ளை என்பது அந்த அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. நமக்குத்தானே தேவைப்பட்டது!

ஆமாம், சொல்லத்தான் போகிறேன். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார், சுருக்கமாக முடிக்க வேண்டுமாம். சபை விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்தவன்தான். ஆனால் எதற்காக அந்தச் சத்தியம்? கொடுத்ததைத் தம்பட்டம் அடிக்காதே என்பதற்காக. தள்ளியதை மூடி மறைப்பதற்காக அல்ல!

ராபர்ட்டைச் சபையில் சேர்க்கச் சபாபதி முன்மொழிந்தார். உடனே ஆரம்பித்தது விசாரணை. "சொந்த ஊர் எது?" சொன்னார். "ஊருல எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வியைக் கேட்ட வாய் எதைத் தேடியது என்று இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறகு வாக்கெடுப்பு. எங்களிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. கை மட்டும் நுழையும் ஓட்டை. சம்மதம் என்றால் வெள்ளை உருண்டை, வேண்டாம் என்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது.

திறந்தோம். ஒரு கறுப்பு. "கை தவறி விழுந்திருக்கும், இன்னொரு தடவ போடுங்க" என்றார் சபாபதி. மனிதர் அவ்வளவு நல்லெண்ணத்தோடு சொன்னார்! மறுபடியும் போட்டார்கள். திறந்தோம். இரண்டு கறுப்பு!

அதே ராபர்ட் உங்கள் வீடுகளுக்குள் வரவில்லையா? படுத்த படுக்கையாகக் கிடந்த உங்கள் தாயாரை அவர் தூக்கி உட்கார வைக்கவில்லையா? பெற்ற தாயைத் தொடலாம், இந்த மண்டபத்துப் பெஞ்சைத் தொடக்கூடாதா? என்ன ஜென்மங்கள் ஐயா நாம்!

"ராஜினாமா பண்ணிட்டு வாங்க, நானும் வர்றேன்" என்று அன்றே சபாபதியிடம் சொன்னேன். "நான் போயிட்டா அந்தக் கறுப்பு உருண்டைக்கு வசதியாப் போயிடும், செல்வம். நான் இங்கியேதான் உக்காரப் போறேன்" என்றார். உட்கார்ந்தார், சாகும்வரை. கூட்டம் முடிந்து நிதிப்பை சுற்றி வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையிலும் மூடிய கையைத்தான் விடுவோம், யார் என்ன கொடுத்தார் என்று தெரியாமல் இருக்க. மறைவாகக் கொடுக்கக் கற்றுக்கொண்ட அதே கைதானே மறைவாகத் தள்ளவும் கற்றுக்கொண்டது!

அந்தக் கை இன்று இந்தப் படத்துக்கு மாலையும் போட்டிருக்கிறது. எந்த மாலை என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லா மாலையும் எனக்கு நாறுகிறது. வாசலில் பேனர் வைத்திருக்கிறீர்களே, "நம் சபையின் சேவைச் செம்மல்" என்று. கட்டிலில் எழுதிய பெயரையே சுரண்டியவருக்கு இருபது அடியில் பேனர்! கழற்றுங்கள் அதை!

சபாபதி விட்டுப்போன வேலையைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்லலாம் என்று நேற்றுச் சிதம்பரம் போனேன். ராபர்ட் ஒரு கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அதற்குக் கால் மாட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, உங்க பேர மறுபடியும் முன்மொழியப் போறேன். எவன் கறுப்பு போடுறான்னு பாத்துடுறேன்" என்றேன். அவர் நிமிரக்கூட இல்லை. "சபாபதி சார் ஆசப்பட்டாருன்னுதான் அன்னிக்கே சரின்னேன் சார். இப்ப அவரே இல்ல. இனிமே அங்க எனக்கு என்ன இருக்கு? ஞாயித்துக்கெழம கட்டில் தூக்க ஒரு ஆள் கொறையுது, அதுக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கிறேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. ராபர்ட்டை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பெட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தோமே! சபாபதி செய்த வேலை இந்த மண்டபத்தில் எப்போது இருந்தது? அது ராபர்ட்டின் வண்டியில் அல்லவா இருந்தது! வெளியே நிற்பவர் அவர் அல்ல, நாம்.

ஆகவே சபையோரே, நான் யாரையும் முன்மொழியப் போவதில்லை. விண்ணப்பம்தான் போடுகிறேன், உங்களிடம் அல்ல. ராபர்ட் அவர்களே, பெயர் செந்தமிழ்ச்செல்வன். ஊர் புவனகிரி. ஊரில் மேலத்தெரு, கேட்காமலே சொல்லிவிடுகிறேன். கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கத் தெம்பு இருக்கிறது. வெள்ளை, கறுப்பு இரண்டு உருண்டையும் இப்போது உங்கள் கையில். எல்லோரும் பார்க்க, இங்கேயே போடுங்கள்.