இந்நேரம் கூட்டிட்டுப் போயிருப்பாங்க

கல்கத்தா பவானிபூரில் மாட்டினி ஷோ விட்டுக் கூட்டம் டிராமில் ஏறியது. என் முன்சீட்டில் உட்கார்ந்த தம்பதி, சுற்றிலும் வங்காளிகள்தானே என்று தமிழில் தாராளமாகப் பேசினார்கள்.

“படத்துல அந்தத் தத்துப் பிள்ளைங்க முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டுத்தானே வளர்த்தவங்களைக் கொல்லுதுங்க, நம்ம மினுவும் அப்படியேதான் ஜெபம் பண்றா,” என்றார் கணவர்.

“சிஸ்டருங்க ஹோம்ல வளர்ந்து நம்மகிட்ட வந்த குழந்தை. முட்டி போடாம தோப்புக்கரணமா போடும்?”

“காலையில கண்ணைத் திறந்தா என் கட்டிலோரம் இருக்கா. என்னமோ முணுமுணுக்கறா. போன வாரம் ஆபீஸ்காரங்களோட இதே படத்தைப் பார்த்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

“உங்க இருமல் நிக்கணும்னு வேண்டிக்கிறா. பெங்காலியில சொல்றா, உங்களுக்குப் புரியல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

“அவளைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லி ஹோம்ல சொல்லிட்டேன்,” என்றார். “நாம விட்டுட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணிகிட்டேர்ந்து இந்நேரம் மினுவைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. நீ பார்க்க வேண்டாம்னுதான் உன்னைப் படத்துக்கு அழைச்சிட்டு வந்தேன்.”

அந்த அம்மாள் எழுந்து, வீட்டுக்குப் போக வேண்டும், வண்டியை நிறுத்து என்று கண்டக்டரிடம் வங்காளியில் கத்தினாள். டிராம் நிற்பதற்கு முன்பே குதித்து, காளிகாட் பக்கம் ஓடினாள். கணவர் இரண்டு டிக்கெட்டையும் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.