வார்னிஷ் படக்கூடாத பக்கம்

செம்பு கறுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. சுவரில் மாட்டிய படம் கோணலாக இருந்தால் சிலருக்குச் சாப்பாடு இறங்காதே, அந்த மாதிரி. என் மனைவியின் அண்ணன் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நீங்கள் குடும்ப ஆலோசகர். எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், மேடம்.

என் மனைவி வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்கு அசையும் படங்கள் வரைகிறவள். அவளுடைய கணினிக்குள் ஒரு செம்புக் கட்டி உண்டு. மேலே மெல்லிய தகடுகள், கீழே வழவழப்பான அடிமுகம். அடிமுகம் ப்ராசஸரின் மேல் ஒட்டி உட்கார்ந்து சூட்டை வாங்கும். தகடுகள் அதை விசிறிக் காற்றில் விடும். செம்பு நாளாக ஆக மங்குமல்லவா? கல்யாணமான புதிதிலிருந்தே நான் அதைக் கழற்றி, உப்புப் போட்ட வினிகரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, ஈரம் போக ஹேர் டிரையர் பிடிப்பேன்.

"என் சக்களத்தி குளிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து என் முதுகில் சாய்வாள்.

"ஆச்சு. பவுடர்தான் பாக்கி."

"எனக்கு என்னிக்காவது இப்படித் தலை துவட்டி விட்டிருக்கீங்களா?"

நான் பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவன். மறுபடி கறுக்காமல் இருக்கத் தகடுகளில் மட்டும் நிறமில்லாத வார்னிஷை லேசாக ஒரு பூச்சு பூசுவேன். அடிமுகத்தில் படவே கூடாது, பட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புழுங்கும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

"அப்படியே உங்களை மாதிரி. எதையும் வெளிய விடாது" என்று சிரித்தாள்.

பிறகு வேறு ஊரிலிருந்து ஒரு பெரிய ஸ்டூடியோ அவளைக் கேட்டது. மாதிரிக்கு ஒரு சின்னப் படம் செய்து அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் அங்கே ஒரு குழுவுக்கே அவள் தலைவி. அன்றிலிருந்து வீட்டில் அந்த ஊர்ப் பேச்சுதான். அங்கே ஜன்னல் பெரிசாம், வெளியே மரமாம். கடையிலிருந்து திரும்பும்போது என் தெருவே எனக்கு வேறு யாரோ குடியிருக்கும் தெரு மாதிரி இருந்தது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கெட்டவனாகிவிடுவேன்.

அந்த வாரம் அடிமுகத்துக்கும் வார்னிஷ் அடித்தேன். காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதற்கு மேலும் ஒன்று. ஒரு குமிழ்கூட இல்லாமல் நன்றாக வந்தது.

வரைகிற வரைக்கும் கணினி ஓடும். வரைந்ததையெல்லாம் ஒரே படமாகக் கோக்கும் நேரத்தில் கொதித்து அணைந்துவிடும்.

"எதுக்குங்க இப்படி அணையுது?"

"நான் திறந்து பார்த்துட்டேன். மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீதான் என்னத்தையோ பண்றே."

நம்பினாள். எங்கள் வீட்டில் அதைத் திறக்கிறவன் நான் ஒருவன்தான். ஸ்டூடியோவில் அவகாசம் கேட்டாள், கொடுத்தார்கள். நானும் மறுபடி துடைத்து, மறுபடி பூசினேன். இந்த முறை கணினி பாதியில் அணைந்ததில் அவள் சேவ் பண்ணி வைத்திருந்த ஃபைலே கெட்டு, உழைத்ததெல்லாம் அழிந்துபோயிற்று.

"நான் சேவ் பண்ணினேன்தானே? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

அவள் சேவ் பண்ணியதை நான் பார்த்திருந்தேன். "இல்லையேம்மா" என்றேன்.

அதற்கப்புறம் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்றுகூட என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது ஸ்டூடியோ மேனேஜர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர். அவளுக்கு மனசு சரியில்லை, எல்லாம் மறந்துபோகிறது, இனி தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொன்னேன். "அவங்களைப் பத்திரமா பார்த்துக்குங்க சார்" என்றார். பார்த்துக்கொண்டேன். டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் எழுதிய மாத்திரையை வேளை தவறாமல் என் கையால் கொடுத்தேன். கை நடுக்கத்தில் அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை. தலை பின்னிவிட்டேன். இதையெல்லாம் எந்தப் புருஷன் செய்வான்?

போன வாரம் நான் கடையிலிருந்து வந்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, நடுங்கும் கையால் தானே அந்தக் கட்டியைக் கழற்றி வினிகரில் போட்டிருக்கிறாள். அடிமுகத்தில் வினிகர் ஏறவே இல்லை. நகத்தால் சுரண்டியிருக்கிறாள். ஆறிய பாலின் ஆடை மாதிரி வார்னிஷ் உரிந்து அவள் விரலில் தொங்கியது.

"இந்தப் பக்கம் படவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் அடிச்சேன்."

"எதுக்கு?"

"நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு."

அழவில்லை. விரலில் தொங்கியதை வினிகர்க் கிண்ணத்தின் விளிம்பில் துடைத்தாள்.

"ஸ்டூடியோவுல ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே வீடு கேட்டிருந்தேன். அங்க பக்கத்துலயே ஒரு பெயிண்ட் கடையில உங்களுக்காக விசாரிச்சும் வச்சேன். உங்ககிட்ட சொன்னேனே."

"எப்போ?"

"இதைத்தான் தேய்ச்சிட்டு இருந்தீங்க. உம் கொட்டினீங்க."

கொட்டியிருப்பேன். தேய்க்கும்போது எனக்கு எதுவும் காதில் விழாது. இத்தனை காலம் கூடவே வாழ்ந்தவள், அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா, மேடம்?