ராகுகாலம் முடிந்த பிறகு

"பென் டிரைவ் சொருவுறதுக்கு யாராச்சும் ராகுகாலம் பாப்பாங்களா?"

கீழ்பென்னாத்தூர் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கேட்டவளின் தோழி, ஜெராக்ஸ் கடைக்காரி, மடியில் தன் கம்ப்யூட்டரின் சி.பி.யு. பெட்டியை வைத்திருந்தாள்.

"கடைல இருக்கறதே இது ஒண்ணுதான். கம்ப்யூட்டர ஸ்டார்ட் பண்ற பயாஸ் புரோகிராமுக்கு அப்டேட்டுன்னு மெக்கானிக் பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தாரு. அது ஏறும்போது கரண்ட்டு போனா மதர்போர்டே போயிடும்னாரு. பயமா இருந்துச்சு. திங்கக்கெழமையாச்சே, ராகுகாலம் போவட்டும்னு ஒம்போது மணி வரைக்கும் ஒக்காந்திருந்தேன்."

"அப்புறம்?"

"சொருவுனேன். அஞ்சாவது நிமிஷம் கரண்ட்டு போயிடுச்சு."

நடத்துநர் வந்து பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார். வாங்கினாள்.

"பேப்பர்ல பாத்துதானே ஆரம்பிச்சே?"

"பாத்தேன். ராகுகாலத்துக்குக் கீழயேதான் போட்டிருந்தான், ஒம்போதுலேர்ந்து மின்தடைனு."