நத்தைக்கு ஒரு சாட்சி

“அந்த நத்தைக்கு எத்தன சாட்சி கேட்டாங்க, தம்பி?”

ஈப்போவில், அடையாள அட்டைக்கான வரிசையில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் கேட்டார். அறுபது வயதிருக்கும். மடியில் ஓரம் கிழிந்த கோப்பு. பக்கத்தில் அவரைக் கூட்டி வந்த வேன்காரர்; கேள்வி அவரிடம்தான்.

“சாட்சியா? நான் ஒருத்தன்தான்க்கா. யுனிவர்சிட்டி ஆளுங்கள கடலோரச் சேத்துல இருக்கற பாக்காவ் மரக் காட்டுக்கு ஏத்திட்டுப் போனேன்ல, அங்க வேருல ஒட்டிக்கிட்டு இருந்தத நான்தான் மொதல்ல காட்டினேன். கடல் நத்தையாம். இந்தப் பக்கம் இதுக்கு முன்ன யாருமே பாத்ததில்லையாம். எந்த மரம், எத்தன மணின்னு எல்லாம் எழுதிக்கிட்டாங்க.”

“எங்க பொறந்துச்சுன்னு கேக்கலையா?”

“அது யாருக்குத் தெரியும்? உசிரோட இங்க இருக்கு, அது போதும்னுட்டாங்க.”

அந்தப் பெண் மடியிலிருந்த கோப்பைத் திறந்து பார்த்து மூடினார்.

“நான் சுங்கை சிப்புட்டுல, தோட்டத்து லயத்துல பொறந்தேன். பொறப்பு சூராட்டு எடுக்கல, பதிவே இல்ல. இப்ப சாட்சிக்கு, பிரசவம் பாத்த மருத்துவச்சியக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க. அவங்க செத்து எத்தனையோ வருசமாச்சு. தோட்டத்தையும் அழிச்சு தாமான் வீடுங்க கட்டிட்டாங்க.”

“சொல்லிப் பாப்போம்லா அக்கா.”

அவருடைய எண்ணை அழைத்தார்கள். எழுந்தவர் கோப்பை வேன்காரர் கையில் கொடுத்தார்.

“நீயும் கவுண்டருக்கு வா தம்பி. என்னையும் இங்க உசிரோட பாத்தேன்னு சொல்லு.”