பொடுகுக்கு ஒரு மொட்டை

— நேத்திக்கடன்னு மட்டும் சொல்லாதே தமயந்தி. பொடுகு. வெறும் பொடுகு.

— பொடுகுக்கா ரெண்டு பஸ் மாறி, மலையவே சுத்திக்கிட்டுப் பழனிக்கு வந்தீங்க? கொடைக்கானல்ல செரைக்க ஆளு இல்லீங்களா?

— இருக்கான். காரணம் என்னன்னா, அங்க குளிர். குளிர்ல தோல் இறுகும். இறுகுன தோல்ல கத்தி வெச்சா வெட்டுப்படும். இங்க வெயில்ல தோல் தளர்ந்து கெடக்கும். இதுல பக்தி எங்க வந்துச்சு?

— பக்தின்னு நான் சொல்லவே இல்லீங்களே.

— சொல்லல. நெனச்சே.

— அப்ப இந்த வரிசையில நிக்கிறவங்க எல்லாருக்குமே பொடுகுங்களா? அந்தக் கைப்புள்ளைக்குக் கூடவா?

— அவங்க வேற, நான் வேற. அணா போயி நயா பைசாவே வந்தாச்சு, இன்னும் சாமிக்கு முடி குடுக்கிறாங்க. ஏன் செய்யறோம்னு அவங்களுக்குத் தெரியாது. நான் தெரிஞ்சு செய்யறேன்.

— எப்படிச் செஞ்சாலும் மொட்டை மொட்டைதானுங்க.

— ஒரு கணக்கு வாத்தியார் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?

— எட்டு வருசம் வாத்தியார் பொண்டாட்டியா இருந்து பாத்தாச்சுங்க. இனி அண்ணனுக்குத் தங்கச்சியா இருந்து பாக்குறேன்.

— ஆங், அதுக்குத்தான் வரேன். நீ ஏன் பொறந்த வீட்டுக்குப் போறேங்கிறதை வர்ற வழியெல்லாம் ஆராய்ஞ்சேன்.

— என்னையே கேட்டிருக்கலாமே. பக்கத்து சீட்டுலதானே உக்காந்திருந்தேன்?

— கேட்டா நீ உணர்ச்சிவசப்பட்டு ஏதாச்சும் சொல்லுவே. அதை வெச்சு ஒரு முடிவுக்கு வர முடியாது. நானா யோசிச்சேன். கண்டுபுடிச்சிட்டேன்.

— என்னன்னு?

— கூதல். உன் ஒடம்புக்கு மலைக்குளிர் ஒத்துக்கல.

— இது சித்திரைங்க. ஊரு உலகமே வெயிலுக்குப் பயந்து கொடைக்கானலுக்கு ஏறுது.

— சரி, அப்ப ரெண்டாவது காரணம். உங்க அண்ணன் பொன்னுவேலுக்குப் பூக்கடையில ஒத்தாசைக்கு ஆள் இல்ல.

— இருக்கிற ஆளுங்களே சோலி இல்லாம ஈ ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

— அப்ப மூணாவது...

— அந்தக் காரணத்துல எங்கயாச்சும் நீங்க வர்றீங்களா?

— நானா? நான் எதுக்கு வரேன்? உன்னை அடிச்சிருக்கேனா? வைஞ்சிருக்கேனா? குடிக்கிறேனா?

— இல்லீங்க.

— பாத்தியா. தினமும் படுக்கிறதுக்கு முன்னாடி என்னை நானே ஆராய்ஞ்சு பாக்குறவன் நான். எங்கிட்ட குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு.

— என்ன குறைங்க?

— அளவுக்கு மீறி நியாயமா இருக்கேன். உண்மைய மொகத்துக்கு நேரா சொல்லிப்புடுறேன். சாதாரண சனங்களுக்கு எட்டாத அளவுக்கு யோசிக்கிறேன்.

— பாவம். இத்தனை குறைய வெச்சுக்கிட்டு எப்படித்தான் காலந்தள்ளுறீங்களோ.

— அடுத்த ஆளு! வெரசா வாங்க சாமி. அட, நீங்க பூக்கடை பொன்னுவேலண்ணன் தங்கச்சி மாப்பிள்ளையில்ல? வாம்மா, நல்லாருக்கியா?

— இருக்கேன் ஆண்டிச்சாமியண்ணே. இவருக்கு மொட்டை. பொடுகாம்.

— ஆகட்டும்மா. உக்காருங்க சாமி, கெழக்க பாத்து.

— ஏன் கெழக்க? எல்லாத்துக்கும் ஒரு சாஸ்திரம்!

— அங்கிட்டுத்தான் சாமி வெளிச்சம் வருது.

— ம்.

— தலைய நல்லா நனைச்சுக்கங்க. சேனாதிபதிதானே சாமி பேரு? முருகன் பேரு.

— அது எங்க அப்பா வெச்சது. என்னைக் கேட்டுக்கிட்டு வெக்கல.

— ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கப்படாது. முன்பக்கம் பாதி வயலு அறுப்பாயிருச்சே சாமி. பின்னாடி ஒரு பாத்தி, காதோரம் ரெண்டு பாத்தி. இதுல பொடுகு எங்க கெடக்கு?

— எல்லாப் பொடுகும் கண்ணுக்குத் தெரியாது. நீ கத்திய எடு.

— எடுத்தாச்சு. எங்க மச்சான் உங்க மலைமேல வடகவுஞ்சியில பொண்ணு கட்டியிருக்கான் சாமி. போன மாசம் கொடைக்கானல்ல நீங்க மேடையில பேசுனதைக் கேட்டுட்டு வந்து ஒரே பெருமை. சாமியே இல்லன்னு வெளுத்து வாங்கிட்டீங்களாம்ல?

— சிந்தனையாளர் மன்றத்துல. ஆமா, பேசுனேன். இன்னிக்கும் அதான் சொல்றேன்.

— அதுல ஒரு காப்பிக் கதை சொன்னீங்களாமே. சம்சாரம் சாகக் கெடக்குறப்போ, வாத்தியாரு பதறாம கொள்ளாம போயி நிதானமாக் காப்பி குடிச்சாராம். அறிவுன்னா அதான்யான்னு கூட்டம் கைதட்டுச்சாம். அது எந்த சம்சாரம் சாமி?

— எனக்கு ஒரே சம்சாரம்தான்.

— ஆமாண்ணே. சாகக் கெடந்தது நான்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி வெசக்காய்ச்சல்.

— ஐயையோ, தெரியாமச் சொல்லிட்டேன் தாயி.

— அதனால என்ன? எல்லா ஊருலயும் சொல்றாரு. வத்தலக்குண்டுல சொன்னாரு, திண்டுக்கல்லுல சொன்னாரு. ரெண்டு எடத்துலயும் முன்வரிசையில நானே உக்காந்து கேட்டேன்.

— தமயந்தி, அது ஒரு உதாரணம். உணர்ச்சிய அறிவு எப்படி அடக்கணுங்கிறதுக்கு உதாரணம். உனக்குக் காய்ச்சல் நூத்தி நாலு. நான் கட்டில் பக்கத்துல நின்னா அதுல ஒரு டிகிரியாச்சும் குறையுமா?

— குறையாதுங்க.

— அப்ப நிக்கிறதால பிரயோசனம் இல்ல. அதனால காப்பி குடிக்கப் போனேன். இதுல என்ன தப்பு?

— தப்பே இல்லீங்க. அன்னிக்கு மத்தியானம் எனக்குக் கொஞ்சம் நெனவு வந்துச்சு. உங்களைத்தான் கூப்பிட்டேன். நர்சம்மா வராந்தா முழுக்கத் தேடிட்டு வந்து, அவரைக் காணோம்மான்னாங்க. அவ்வளவுதான்.

— நீ கூப்பிட்டியா?

— ஆமாங்க.

— இத்தனை நாளா இதைச் சொல்லலியே.

— உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னா முடிவுக்கு வர முடியாதுன்னுதான்.

— சாமி, தலைய ஆட்டாதீங்க. கத்தி காதோரத்துல இருக்கு.

— நான் ஆட்டல.

— ஒடம்பே ஆடுது சாமி. குளிரா? இங்க குளிரே இல்லியே.

— ஏங்க, மெதுவா மூச்சு விடுங்க. அண்ணே, கொஞ்சம் கத்திய எடுத்துக்கங்க.

— வேண்டாம். ஆண்டிச்சாமி, நீ நிறுத்தாதே. சீக்கிரம் எடு. எல்லாத்தையும் எடு. ஏற்கெனவே பாதி போச்சு. தலை தேய்க்கிறப்ப எல்லாம் கொத்துக் கொத்தா வருது. இன்னும் ஒரு வருசம் விட்டா குடுக்கிறதுக்கு முடியே இருக்காது.

— குடுக்கிறதுக்கா? யாருக்குங்க குடுக்கிறதுக்கு?

— காரணம் என்னன்னா...

— காரணம் வேணாம். ஆளைச் சொல்லுங்க.

— மேலே நிக்கிறானே, அவனுக்கு.

— அரோகரா!

— ஆண்டிச்சாமி, நீ சும்மா இரு.

— சரிங்க சாமி.

— தமயந்தி, அன்னிக்கு நான் காப்பி குடிக்கல. டாக்டரு வெளிய வந்து, சொல்றதுக்கில்ல வாத்தியாரேன்னாரு. ஆசுபத்திரிக்குப் பின்னாடி சரிவுல ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கே, கால் தானா அங்க போச்சு. போயி விழுந்தேன். என் முடிய எடுத்துக்க, இவளைக் குடுத்துருன்னு கேட்டேன். அழுதேன். மன்றத்து ஆளுங்க எவனாச்சும் பாக்குறானோன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே அழுதேன்.

— அப்புறம்?

— எந்திரிச்சு வெளிய வந்ததும் வெக்கமாப் போச்சு. காப்பின்னு சொல்லிட்டேன். அப்புறம் மேடையில சொன்னேன். கைதட்டுனாங்க. சொல்லச் சொல்ல எனக்கே அது நெசமாயிருச்சு. அந்தக் காப்பியோட ருசி கூட எனக்கு ஞாபகம் இருக்கு தமயந்தி. சக்கரை கம்மி.

— குடிக்காத காப்பிக்கா?

— குடிக்காத காப்பிக்கு. தினம் ராத்திரி என்னை ஆராய்ஞ்சேன் ஆராய்ஞ்சேன்னு சொல்றேனே, ஒரு நாளும் அந்தக் கோயில் பக்கம் நான் போகல. அதைத் தாண்டித் தாண்டிப் போயி மத்ததை எல்லாம் ஆராய்ஞ்சேன். முடி கொட்ட ஆரம்பிச்சப்பத்தான் அந்த வேண்டுதல் நெனப்புக்கு வந்துச்சு.

— இப்ப சாமி இருக்குன்னு சொல்றீங்களா?

— தெரியல. மேடையில கேட்டா இன்னும் இல்லன்னுதான் சொல்லுவேன். நான் பயந்தேங்கிறது மட்டும் தெரியும். நீ இல்லாம வீட்டுக்குத் திரும்பிப் போகணுமேன்னு பயந்தேன். அதுக்குக் காரணம் எல்லாம் இல்ல. சும்மா பயம்.

— முடிஞ்சுது சாமி. எந்திரிங்க. தலை நல்ல லட்சணமா இருக்கு. சந்தனத்தை அப்புங்க, எரியாது. அடுத்த ஆளு!

— இந்தாங்க துண்டு. வாங்க, இப்படி நெழல்ல நில்லுங்க. கண்ணத் தொடைங்க.

— தண்ணி வழியுது.

— தண்ணிதான்.

— இல்ல. அழுகைதான்.

— ம்.

— பெட்டிய அண்ணன் வீட்டுல எறக்கிட்டே. மறுபடி ஏத்தலாமா? சாயங்கால பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் போயிருவமே.

— அடுத்த கூட்டத்துல இப்ப சொன்னதை அப்படியே சொல்லுவீங்களா?

— மன்றத்துலயா? சிரிப்பாங்களே தமயந்தி.

— சிரிக்கட்டும்.

— செயலாளர் பதவி போயிரும்.

— போகட்டுங்க. முடியே போச்சு.

— சொல்றேன். மேடை ஏறிச் சொல்றேன்.

— சொல்லிட்டு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் பெட்டியப் பிரிக்காம வெச்சிருக்கேன்.

— ஆனா ஒரு விசயம், நியாயமாப் பாத்தா இந்தக் கோவத்துக்கு இனி எடமே இல்ல. ரெண்டு வருசமா நீ ஒரு தப்பான தகவலை வெச்சுக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கே. நான் காப்பி குடிக்கப் போகலன்னு இப்பத்தானே உனக்குத் தெரியும்?

— மறுபடியும் ஆராய்ச்சியா? காப்பி குடிச்சதுக்கு யாராச்சும் புருசனை விட்டுட்டு வருவாங்களா?

— பின்ன எதுக்கு வந்தே?

— அன்னிக்குத் திரும்பிக் கட்டில் பக்கத்துல வந்து நின்னு, காப்பி குடிக்கப் போயிருந்தேன்னீங்க. நான் கண்ணத் தொறந்து உங்க மொகத்தைப் பாத்தேன். ஏங்க, எந்த ஊரு காப்பிக்கடையில நெத்தி நெறையத் திருநீறு பூசி அனுப்புறாங்க?